மட்டியின் செல்நிறமியில் கடல்மாசைப் படித்தல்: ஒரு செய்முறைப் பதிவு

கடல்நீரைப் போத்தலில் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினால், அந்த நேரத்தில் அந்த இடத்து நீரில் என்ன இருந்தது என்பது மட்டுமே தெரியவரும். முந்தின வாரம் ஒரு கப்பல் கழிவெண்ணெயைக் கொட்டிவிட்டுப் போயிருந்தாலும், ஓதம் சில முறை ஏறி இறங்கிய பிறகு பிடித்த நீரில் அதன் தடயம் இல்லாமற்போகலாம். பாறையில் நாரால் ஒட்டிக்கொண்டு, அதே நீரை வடித்து உண்டு வாழும் மட்டிக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. இதனால்தான் 1975ஆம் ஆண்டில் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், மட்டிகளைக் கொண்டு கடலோர மாசைக் கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். அமெரிக்காவின் 'மஸல் வாட்ச்' திட்டம் 1986 முதல் அதைச் செய்துவருகிறது. ஆனால் மட்டியின் சதையில் எவ்வளவு செம்பு, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்பது ஒரு கேள்வி. சேர்ந்தது அந்த உயிருக்கு என்ன செய்தது என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்குச் செல்லுக்குள் இருக்கும் நிறமியிடம் விடை தேடிய பணியின் பதிவு இது.

நான் தேர்ந்துகொண்ட நிறமி லிப்போஃபஸ்சின். செல்லின் பழுதான பாகங்களும் அது விழுங்கிய உணவும் லைசோசோம் என்னும் நுண்பைகளில் செரிக்கப்படுகின்றன. சவ்வுகளில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தால் சிதைந்து புரதங்களோடு பின்னிக்கொள்ளும்போது, லைசோசோமின் நொதிகளால் அவிழ்க்க முடியாத ஒரு முடிச்சு உருவாகி, மஞ்சள் கலந்த பழுப்புத் துகளாக அங்கேயே தங்கிவிடுகிறது. செம்பு போன்ற உலோகங்களும், எண்ணெயில் உள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் இந்த ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகின்றன; எனவே மட்டியின் செரிமானச் சுரப்பிச் செல்களில் துகள் மிகுந்திருந்தால், அந்தச் செல்கள் நெருக்கடியைக் கடந்துவந்திருக்கின்றன என்று கொள்ள இடமுண்டு. 'இடமுண்டு' என்று தயங்கிச் சொல்வதற்குக் காரணம், முதுமையும் பட்டினியும் இதே துகளைச் சேர்க்கும் என்பதுதான். இந்தப் பணியின் பெரும்பகுதி, நிறமியை அளப்பதைவிட, மாசு அல்லாத காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குவதிலேயே கழிந்தது.

கண்ணுக்கு நேரடியாகத் தெரியும், மஞ்சள் முதல் சிவப்பு வரையிலான கரோட்டினாய்டு நிறமிகளை ஏன் எடுக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். மாசடைந்த நீரில் வாழும் மெல்லுடலிகளின் திசுக்களில் கரோட்டினாய்டு கூடுவதைச் சோவியத் உயிரியற்பியலாளர் கர்னாவுகோவ் 1970களில் எழுதியிருக்கிறார். அந்தக் கருத்து இன்றும் கவர்ச்சியானதுதான். ஆனால் மட்டி கரோட்டினாய்டைத் தானே அடிப்படையிலிருந்து உருவாக்குவதில்லை; உண்ணும் பாசியிலிருந்து பெற்றுச் சற்று மாற்றி வைத்துக்கொள்கிறது. போதாக்குறைக்குப் பல மட்டி இனங்களில் முதிர்ந்த பெண்ணின் மேலுறைச் சதை ஆரஞ்சு நிறத்திலும் ஆணினது வெளிர் பால்நிறத்திலும் இருக்கும். பருவம், பால், பாசி ஆகிய மூன்றும் கலந்த ஒரு நிறத்தில் மாசின் பங்கை மட்டும் பிரித்தெடுக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

முதலில் தீர்க்கவேண்டியது வயது. ஒரே நீளமுள்ள மட்டிகளைப் பொறுக்கினால் ஒரே வயதுடையவை கிடைத்துவிடும் என்று நினைப்பது எளிது, உண்மை அப்படியன்று. கரையின் மேல்மட்டத்துப் பாறையில் ஓதம் வடியும்போதெல்லாம் உணவின்றிக் காயும் மட்டி மெதுவாக வளரும். எப்போதும் நீருக்குள் இருப்பது வேகமாக வளரும். இரண்டும் ஐந்து சென்டிமீட்டர் இருக்கலாம், ஆனால் வயதில் ஆண்டுக்கணக்கில் வேறுபடலாம். ஆகவே இயற்கையாக ஒட்டி வளர்ந்தவற்றை விட்டுவிட்டு, கயிற்றில் வளர்க்கப்பட்ட, ஒரே பருவத்தில் ஒரே கயிற்றில் ஒட்டிய மட்டிகளை ஒரு வளர்ப்பாளரிடமிருந்து பெற்றேன். அவற்றில் நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை உள்ளவற்றை மட்டும் பிரித்து, நார்களைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டி, பிளாஸ்டிக் வலைக்கூடுகளில் நெருக்கமில்லாமல் இட்டேன். நாரைப் பிடித்து இழுத்தால் அது வேரோடு வந்து பாதத்தின் அருகே காயம் உண்டாகும். காயமும் ஒரு நெருக்கடிதான்.

கூடுகளை ஒரு துறைமுகத்தின் உட்புறத்திலும், அதன் வாயிலிலும், அங்கிருந்து விலகிய திறந்த கடற்பகுதியிலும் ஒரே ஆழத்தில் தொங்கவிட்டேன். ஏறத்தாழ ஒரு மாதம் என்பது இத்தகைய கூட்டுச் சோதனைகளில் வழக்கமான காலம். முட்டையிடும் பருவத்தைத் தவிர்த்தே நாள் குறித்தேன், ஏனெனில் இனப்பெருக்கத்துக்குப் பின் மட்டியின் திசுக்கள் தாமாகவே பெருமளவில் சிதைந்து மீள்கின்றன. அப்போது லைசோசோம்கள் எங்கும் எப்போதும் கலங்கியே இருக்கும். உட்புறத்தில் கூட்டுக்கு அருகே ஒரு வெப்பப் பதிவுக் கருவியையும் கட்டியிருந்தேன். துறைமுகத்துக்குள் நீர் சற்றுச் சூடாக இருந்தது அதனால் தெரிந்தது. முடிவுகளைப் படிக்கும்போது அந்த வேறுபாட்டை மறக்க முடியாது.

எடுத்துவந்தபோது மட்டிகளை நீரில் மிதக்கவிடாமல், கடல்நீரில் நனைத்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். மூடிய பாத்திரத்து நீரில் வைத்தால் அவை தம் கழிவிலேயே மூச்சுத்திணறும். அவற்றைப் பட்டினிபோட்டுக் குடலைச் சுத்தப்படுத்தும் வழக்கம் உலோக ஆய்வில் உண்டு. இங்கே அது கூடாது. உணவு நின்றால் செல் தன்னையே தின்னத் தொடங்கி, நாம் தேடும் துகளைத் தானே பெருக்கிவிடும். எனவே அன்றைக்கே அறுத்தேன்.

அறுப்பதற்கு முன், உயிரோடிருக்கும் செல்லில் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. நியூட்ரல் ரெட் என்னும் சாயம் உயிருள்ள செல்லின் லைசோசோமுக்குள் புகுந்து அங்கே சிறைப்படுகிறது. சவ்வு திடமாக இருந்தால் சாயம் நெடுநேரம் உள்ளேயே நிற்கும். பழுதுபட்டிருந்தால் விரைவில் செல்லின் உடலுக்குள் கசியும். இங்கிலாந்தின் பிளிமத்தில் டேவிட் லோவும் உடன்பணியாற்றியவர்களும் 1990களில் மட்டிக்காக ஒழுங்குபடுத்திய இந்த முறைக்கு, நுண்ணோக்கியும் கடிகாரமும் பொறுமையும் போதும். ஓடுகளின் இடையே மெல்லிய கத்தியை நுழைத்துச் சற்றே திறந்து, பின்புறத் தசையில் ஊசியைச் செருகி, சிரிஞ்சில் முன்பே எடுத்துவைத்த உப்புக்கரைசலின் அளவுக்குச் சமமாக, மட்டியின் இரத்தமான ஹீமோலிம்ஃபை மெதுவாக இழுத்தேன். குழாயில் விடும்போது ஊசியைக் கழற்றிவிட்டே விடவேண்டும். குறுகிய துளையில் மீண்டும் அழுத்தித் தள்ளினால் செல்கள் கிழிந்துவிடும். செல்கள் ஒட்டுவதற்காகப் பாலிலைசின் பூசிய ஸ்லைடில் 40 மைக்ரோலிட்டரை இட்டு, ஈரம் நிறைந்த மூடிய பெட்டியில் செல்கள் ஒட்டும்வரை வைத்து, மிஞ்சிய நீரைச் சரித்து வடித்துவிட்டு, சாயத்தைச் சேர்த்தேன். 20 மில்லிகிராம் சாயத்தை ஒரு மில்லிலிட்டர் டைமெத்தில் சல்பாக்சைடு என்னும் கரைப்பானில் கரைத்து, அதில் 10 மைக்ரோலிட்டரை 5 மில்லிலிட்டர் உப்புக்கரைசலில் கலப்பது வழக்கமான செறிவு.

கண்ணில் பட்டதை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் முதன்முறை பார்ப்பவர் எதைக் 'கசிவு' என்று எண்ணவேண்டும் என்று தெரியாமல் திணறுவார். தொடக்கத்தில் பரந்து விரிந்து ஒட்டியிருக்கும் செல்லுக்குள் செங்குருமணிகளைப் போல் சிறுசிறு புள்ளிகள் தெளிவாகத் தெரியும். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி நிறமற்று இருக்கும். பிறகு சில புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று கூடும். அதற்கும் பிறகு புள்ளியின் விளிம்பு மங்கி, சுற்றியுள்ள பகுதி மெல்லிய இளஞ்சிவப்பு மூட்டமாகும். செல் தன் கால்களை உள்ளிழுத்து உருண்டையாகும். மூட்டம் தோன்றிய செல்லைக் கசிந்ததாகக் கணக்கிட்டேன். பெருத்த புள்ளியைத் தனியே குறித்துவைத்தேன். செல்களில் பாதி கசியும் முன் கடைசியாகப் பார்த்த நேரமே அந்த மட்டியின் மதிப்பு. முதலில் 15 நிமிடம், பிறகு 30, அதன்பின் அரைமணிக்கு ஒருமுறை என்று 180 நிமிடம் வரை பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடவேண்டும். விளக்கின் ஒளியே இந்தச் சாயம் ஏறிய லைசோசோமைச் சிதைக்கும். அறை விளக்குகளைத் தணித்து, ஸ்லைடுகளை மட்டிகள் வாழ்ந்த நீரின் வெப்பநிலையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்தது செரிமானச் சுரப்பி. ஓட்டின் உள்ளே, இரைப்பையைச் சூழ்ந்து கரும்பச்சை அல்லது பழுப்பு நிறத்தில் இருக்கும் மென்மையான கட்டி அது. ஒவ்வொரு மட்டியிலிருந்தும் பட்டாணி அளவில் ஒரு துண்டை வெட்டி, ஐந்து மட்டிகளின் துண்டுகளை ஒரே உலோகத் தாங்கியின்மேல் வரிசையாக வைத்தேன். இந்தச் சிறு ஏற்பாடு பின்னால் பெரிதும் உதவியது: ஒரே வெட்டில் ஐந்து உயிர்களின் திசுவும் ஒரே ஸ்லைடில் விழுவதால், சாயமேற்றுவதில் நேரும் ஏற்றத்தாழ்வு ஐந்துக்கும் பொதுவாகிவிடுகிறது. தாங்கியை, உலர்பனியால் சுமார் மைனஸ் 70 டிகிரிக்குக் குளிர்வித்த ஹெக்சேனில் முக்கி உறையவைத்தேன். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் செல்லைக் குத்திக் கிழிக்கும். பின்பு நுண்ணோக்கியில் தெரிவது திசுவன்று, சல்லடை. ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும் என்பதால் இதைப் புகைபோக்கிப் பேழைக்குள் மட்டுமே செய்யவேண்டும்.

உறைந்த திசுவைச் சீவும் கருவியான கிரையோஸ்டாட்டில் 10 மைக்ரான் தடிப்பில் சீவினேன். அறை வெப்பநிலையில் உள்ள ஸ்லைடைச் சீவலின் அருகே கொண்டுசென்றாலே அது தாவி ஒட்டி அந்தக் கணமே உலர்ந்துவிடும். பிறகு பேக்கர் கால்சியம் ஃபார்மால் என்னும் பதக்கரைசலில் குளிரில் 15 நிமிடம் பதப்படுத்தி, நிறமியை நீலமாக்கிக் காட்டும் ஷ்மோர்ல் வினைக்கு உட்படுத்தினேன். ஒரு சதவீத ஃபெரிக் குளோரைடு மூன்று பங்கும், ஒரு சதவீத பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஒரு பங்குமாகக் கலந்த கரைசலில் ஐந்து நிமிடம். பிறகு ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் அலசல். பின்பு வடித்த நீர். கடைசியாகக் கிளிசரின் ஜெலட்டினில் கவர்ஸ்லிப். லிப்போஃபஸ்சின் எலக்ட்ரான் கொடுத்து ஃபெரிசயனைடை ஒடுக்க, அந்த இடத்தில் கருநீலம் படிகிறது. கலவையைப் பயன்படுத்தும் வேளையில்தான் சேர்க்கவேண்டும். வைத்திருந்தால் அது தானாகவே நீலம் பிடித்து, எதைத் தொட்டாலும் நீலமாக்கும்.

இந்த வினை லிப்போஃபஸ்சினுக்கு மட்டும் உரியதன்று என்பதைச் செய்முறைக் குறிப்புகள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன; எனக்கு அது மையமான சிக்கலாகத் தோன்றியது. மெலனின் என்னும் கருநிறமியும் நீலமாகும், கந்தகத் தொகுதிகள் நிறைந்த புரதங்களும் ஓரளவு நீலமாகும். அதனால் ஒவ்வொரு தாங்கியிலிருந்தும் அடுத்தடுத்த சீவல்களில் ஒன்றைச் சாயமேற்றாமல் வைத்து, நீல ஒளியில் தூண்டி அதன் சுய ஒளிர்வைப் பார்த்தேன். லிப்போஃபஸ்சின் எந்தச் சாயமும் இல்லாமல் பொன்மஞ்சளாக ஒளிரும். செரிமானச் சுரப்பியில் மட்டி உண்ட பாசியின் பச்சையமும் இருக்கும், அதுவும் ஒளிரும். ஆனால் அதன் நிறம் அடர்சிவப்பு. நீளலைகளை மட்டும் விடும் வடிகட்டியை மாத்திரம் வைத்துக்கொண்டு கறுப்புவெள்ளைக் கேமராவில் ஒளிர்வை அளப்பவர், மட்டி அன்று காலையில் உண்ட உணவை மாசென்று எழுதிவிடக்கூடும். இரு சீவல்களிலும், சுரப்பிக்குள் உள்ள செரிமானக் குழல்களின் அதே செல்களில், அடித்தளத்துக்கு அருகே, ஒன்றில் பொன்மஞ்சளும் மற்றதில் கருநீலமும் பொருந்தி வந்த பிறகே எண்ணிக்கையைத் தொடங்கினேன்.

அளவிடும் பணிக்கு இமேஜ்ஜே என்னும் பட ஆய்வு மென்பொருளைப் பயன்படுத்தினேன். ஸ்லைடின் அடையாளத்தை வேறொருவர் குறியீடாக மாற்றித் தந்தார். எது துறைமுகம், எது திறந்த கடல் என்று அறியாமலேயே படமெடுத்தேன். எல்லாப் படங்களுக்கும் ஒரே விளக்குவலிமை, ஒரே வெளிப்பாட்டு நேரம், எதை நீலமென்று கொள்வது என்பதற்கு ஒரே எல்லை. செரிமானச் செல்களின் மொத்தப் பரப்பில் நீலத்துகள் எத்தனை விழுக்காடு என்பதே அளவு. குழலின் நடுவே உள்ள வெற்றிடத்தைச் சேர்த்துவிட்டால், குழல் சுவர் மெலிந்த மட்டிக்கு நியாயமற்ற குறைவு வந்துவிடும். நீலம் காலப்போக்கில் வெளுக்கும் என்பதால் படமெடுப்பதைத் தள்ளிப்போடவில்லை.

முறை உண்மையாகவே மாசுக்குப் பதிலளிக்கிறதா என்று அறிய, அதே கயிற்றின் மட்டிகளில் ஒரு தொகுதியை ஆய்வகத் தொட்டியில் செம்புக்கு உட்படுத்தினேன். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் என்னும் அளவோடு நிறுத்திக்கொள்ள நேர்ந்ததற்கு மட்டியின் சாமர்த்தியமே காரணம்: செம்பு மிகுந்தால் அது ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். மூடிய மட்டி வடிப்பதில்லை, உண்பதில்லை, நஞ்சையும் ஏற்பதில்லை. அதிகம் கொடுத்தால் குறைவாகத் தெரியும் விந்தை இங்கு உண்டு. தொட்டியருகே நின்று ஓடுகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும் அளவீட்டின் ஒரு பகுதிதான். செம்பு ஏற்ற மட்டிகளின் குழல்களில் கருநீலத் துகள்கள் தனித்தனிப் புள்ளிகளாக இல்லாமல் கொத்துக்கொத்தாகத் திரண்டிருந்தன. செம்பு சேர்க்காத கட்டுப்பாட்டுத் தொட்டியில் அவை சிதறி, எண்ணக்கூடிய அளவில் இருந்தன.

களத்து முடிவுகளில் திறந்த கடல் மட்டிகள் எதிர்பார்த்தபடி அமைந்தன: சாயம் 120 நிமிடத்தைத் தாண்டியும் நின்றது, நிறமியும் குறைவு. கடலாய்வுக்கான பன்னாட்டு மன்றம் வகுத்த எல்லைப்படி 120 நிமிடமும் அதற்கு மேலும் நலம். 50 முதல் 120க்குள் இருந்தால் நெருக்கடி, ஆனால் உடல் ஈடுகொடுக்கிறது. 50க்குக் கீழே கடும் நெருக்கடி. துறைமுகத்தின் உட்புறத்து மட்டிகள் பெரும்பாலும் நடு வரிசையில் விழுந்தன, சில கடைசி வரிசைக்கும் இறங்கின. நிறமியும் அவற்றில் தெளிவாக மிகுந்திருந்தது. நீரின் வெப்பம் சற்றுக் கூடியிருந்ததும் இதில் ஓரளவு பங்கு கொண்டிருக்கலாம் என்பதால், வேறுபாடு முழுவதையும் மாசின் கணக்கில் எழுதவில்லை.

வாயிலில் தொங்கிய கூடுதான் என்னை நீண்டநேரம் யோசிக்கவைத்தது. அங்கே சாயம் ஏறக்குறையத் திறந்த கடலைப் போலவே நின்றது. நிறமியோ உட்புறத்துக்கு நெருங்கியிருந்தது. இரண்டில் ஒன்று பிழை என்று முதலில் தோன்றும். ஆனால் லைசோசோமின் சவ்வு நெருக்கடி நீங்கினால் விரைவில் தேறிவிடக்கூடியது. நிறமித் துகளோ நொதியால் கரையாததால், செல் அதை மெல்ல வெளியேற்றும்வரை அல்லது அந்தச் செல்லே உதிரும்வரை நிற்கும். சாயம் இன்றைய உடல்நிலையைச் சொல்கிறது, நிறமி கடந்த வாரங்களின் பேரேட்டைச் சொல்கிறது. கூட்டைப் போட்ட காலத்தின் தொடக்கத்தில் வாயிலருகே தூர்வாரும் பணி நடந்து நின்றிருந்தது. கிளறப்பட்ட சேறு அப்போது மட்டிகளைத் தொட்டிருக்க வாய்ப்புண்டு. இதை நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் இரு அளவைகளில் ஒன்றை மட்டும் எடுத்திருந்தால் வாயிலை 'நலம்' என்றோ 'கேடு' என்றோ ஒற்றைச் சொல்லில் எழுதியிருப்பேன், இரண்டுமே முழு உண்மையாக இருந்திருக்காது.

வாயிலின் பாறையில் இயற்கையாக ஒட்டியிருந்த மட்டிகளையும் ஒப்பீட்டுக்காக எடுத்துப் பார்த்தேன். கூட்டு மட்டிகளைவிட அவற்றில் நிறமி மிகவும் அதிகம். சாயமோ நன்றாகவே நின்றது. ஓட்டின் குறுக்கே வளர்ச்சிக்கோடுகள் நெருங்கி நெருங்கி இருந்ததைக் கண்டதும் விடை கிடைத்தது: அவை மாசுபட்டவை என்பதைவிட முதியவை. வயதை முன்கூட்டித் தீர்க்காமல் பாறை மட்டிகளை மட்டும் நம்பும் கண்காணிப்புகளின் எண்களை இப்போதெல்லாம் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

இதனோடு சேர்த்துக் கடல்முள்ளெலியிலும் ஒரு முன்னோட்டம் பார்த்தேன். அதன் உடற்குழித் திரவத்தில் எக்கினோக்ரோம் என்னும் செந்நிறமி நிறைந்த செல்கள் மிதக்கின்றன. இத்தாலியில் வலேரியா மாத்ராங்காவின் குழு, மாசடைந்த நீரிலிருந்து எடுத்த முள்ளெலிகளில் இந்தச் சிவப்புச் செல்கள் கூடுவதைக் காட்டியிருக்கிறது. வாயைச் சூழ்ந்த மென்சவ்வில் ஊசியைச் செருகி, உறைவைத் தடுக்கும் ஈடிடிஏ கரைசலில் திரவத்தை எடுத்து, எண்ணும் அறையில் இட்டால் சாயம் எதுவும் தேவையில்லை. செல் தானே சிவந்து நிற்கிறது. செய்வதற்கு மட்டியைவிட எளிது. ஆனால் காயம்பட்ட இடத்துக்கு இதே செல்கள்தான் திரண்டு செல்கின்றன. வலையில் உரசி முள் ஒடிந்த முள்ளெலியில் எண்ணிக்கை உயர்ந்திருந்தால் அது கடலின் செய்தியா, கொண்டுவந்தவரின் கையாளலா என்று பிரிக்க வழியில்லை. அடுத்த சுற்றில் முள்ளெலிகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து, தனித்தனிக் கலங்களில் கொண்டுவந்து, முள் ஒடிந்தவற்றை எண்ணிக்கைக்கு முன்பே விலக்குவதாக இருக்கிறேன். மட்டிகளில் செரிமானச் சுரப்பியோடு, உலோகம் ஏறிய நிறமித் துகள்கள் சேரும் சிறுநீரகத்தையும் அதே தாங்கியில் வைத்துச் சீவப்போகிறேன்.